மெலானெக் கோயிலின் வடக்குச் சுவர்

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் காயித் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். பத்து மணிக்கு ரென் நகரத்திலிருந்து மரபுச் சின்ன அலுவலகத்து அம்மா வருகிறாள். சுற்றியிருந்த புல்லை வெட்டியாயிற்று. வாசற்படியில் பாசி தேய்த்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவளுடைய சித்தப்பா லொம்மிக், தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டு, ஊன்றுகோலின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"அது தெரியுது. வெயில் தெக்குப் பக்கம் அடிக்குது. இங்க ஈரத்துல எதுக்கு?"

"எனக்கு நிழல் புடிக்கும்."

"எண்பத்து நாலு வருஷமா புடிக்காதது இன்னிக்குக் காலையிலதான் புடிச்சுதாக்கும். சித்தப்பா, கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. சுவரு விழப்போகுதுன்னு எழுதியிருக்கு."

"நான் செஞ்ச சுவரு எம்மேல விழாது."

"நீங்க செய்யல. அது ஐந்நூறு வருஷத்துச் சுவரு. நீங்க சிமெண்ட் பூசுனீங்க. அதனாலதான் விழப்போகுது."

லொம்மிக் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கோயில் குழுத் தலைவி என்ற இந்த வேலையை காயித் கேட்டு வாங்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கோயில் குழுக் கூட்டம் நடந்த சனிக்கிழமை அவள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஓட்டிப்போயிருந்தாள். வந்திருந்த ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வராதவளைத் தலைவியாக்கிவிட்டு, ஆப்பிள் மது குடிக்கப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிள்ளையின் அம்மா வாழ்த்துச் சொன்னபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

கோயிலைச் சுற்றியுள்ள கெர்மெலான் சிற்றூரில் பதினொரு வீடுகள். அதில் ஒரு வீட்டிலிருந்தும் ஞாயிறு பூசைக்கு யாரும் போவதில்லை. லொம்மிக்கிடம் அறுபது வருஷத்துக் கம்யூனிஸ்ட் கட்சி அட்டை இருக்கிறது. ஆனால் கோயிலில் ஒரு கல்லைத் தொட்டால் பதினொரு வீட்டிலிருந்தும் வைக்கோல் வாரியோடு ஆள் வரும். கோயில் ஆயருடையது அல்ல, போப்புடையதும் அல்ல, கெர்மெலானுடையது. ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை பர்தோன் திருவிழா. பதினாலு ஊர்ப் பங்குகளுக்குப் பொதுவான ஒரே சாமியார் அன்று மட்டும் வந்து பூசை வைப்பார். அப்புறம் கொடிகள், பவனி, ஊற்றுவரை போய்த் திரும்புவது, சுட்ட பன்றிக்கறி, க்ரேப் என்னும் மெல்லிய தோசை, பொழுது சாய்ந்தும் ஆட்டம்.

வடக்குச் சுவர் உப்பியிருந்தது. நிறைமாதக்காரி போல, நடுவில் ஒரு சாண் வெளியே தள்ளியிருந்தது. காரணம் யாருக்கும் தெரியாததல்ல. 1977இல் கெர்மெலானின் ஆண்கள் எல்லோரும் ஆளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்து, கல் சந்துகளில் இருந்த பழைய சுண்ணாம்புக் காரையை உளியால் கொத்தி எறிந்துவிட்டு, நல்ல புது சிமெண்டை அடைத்தார்கள். அன்பினால் செய்தார்கள். அன்று யாராவது வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவனை ஊற்றில் முக்கியிருப்பார்கள். சுண்ணாம்பு தண்ணீரைக் குடிக்கும், காற்றடித்தால் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. கூரை வழியே இறங்கிய தண்ணீர் நாற்பத்தாறு வருஷமாகச் சுவருக்குள்ளேயே நின்று, உள்ளே இருந்த மண்ணையும் கல்லையும் கூழாக்கியிருந்தது.

மேயர் ப்ரிஜான் உத்தரவு போட்டுவிட்டான். ஜூலை முதல் தேதி கோயில் பூட்டப்படும். தற்காலிகமாக. திருவிழாவைப் பெரிய ஊரின் பங்குக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம். தற்காலிகம் என்றால் என்னவென்று காயித்துக்குத் தெரியும். நாலு கிலோமீட்டர் தள்ளி லான்வ்ரிஸெக் கோயிலைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன் தற்காலிகமாகப் பூட்டினார்கள். இப்போது பீடத்துக்கு நடுவிலிருந்து ஒரு மரம் முளைத்துக் கூரையைத் தாண்டி நிற்கிறது.

ஒரே வழி மரபுச் சின்ன அலுவலகம். அவர்கள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் கோயிலைப் பூட்டிப் போட முடியாது. சுவரைச் சரிசெய்தே ஆகவேண்டும், அவர்களும் கை கொடுப்பார்கள். அந்த அலுவலகத்தை வரவழைத்தது ஒரு பழைய புகைப்படம். 1936இல் யாரோ ஒரு சாமியார் எடுத்தது. புனிதர் மெலானெக்கின் மரச் சொரூபம். ஆளுயரத்தில் பாதி, நீண்ட தாடி, காலடியில் ஒரு பன்றி. பன்றி நோய்களுக்கு மெலானெக்தான் மருத்துவர். பதினைந்தாம் நூற்றாண்டு வேலை, அபூர்வம் என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தது.

படம் இருந்தது. மெலானெக் இல்லை.

1977இல், சிமெண்ட் பூசிய அதே கோடையில், மெலானெக் காணாமல் போனார். அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் ஒரு வெள்ளை வேன் கோயில் கோயிலாகத் திருடிக்கொண்டிருந்தது. ஆனால் கெர்மெலானில் பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. அதே இலையுதிர்காலத்தில் காயித்தின் அப்பா பெர் ஒரு புது டிராக்டர் வாங்கினார், சிவப்பு நிறம். அந்த டிராக்டருக்கு ஊரில் என்ன பெயர் என்று அவள் எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டாள். "மெலானெக் வருது, வழி விடுங்கடா." அப்பா செத்துப் பதினோரு வருஷமாயிற்று. டிராக்டரும் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. பெயர் போகவில்லை.

அப்பாவிடம் அவள் ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போனார்.

கோயில் சாவி மாட்டியிருக்கும் எதிர்வீட்டிலிருந்து ஃபிஃபின் வந்தாள். எழுபத்தொன்பது வயது. ஒரு கையில் ஒரு முழ நீளச் சாவி, மறுகையில் துணி போட்டு மூடிய கேக்.

"ஏண்டி காயித், பஸ் ஓட்டுற சட்டையோடயேவா ரென் நகரத்து அம்மாவப் பாக்கப்போற?"

"சட்டையப் பாக்க வரல அத்தை, சுவரப் பாக்க வராங்க."

"சுவரு கெடக்குது. சாமி எங்கன்னு கேட்டா என்ன சொல்லப்போற?"

"தெரியாதுன்னு சொல்வேன்."

"தெரியாதா." ஃபிஃபின் கேக்கைப் படிக்கட்டில் வைத்தாள். "நல்லா ஓடுச்சு அந்த டிராக்டரு. இருபது வருஷம் மக்கர் பண்ணவேயில்ல. ஆசீர்வாதம் பண்ணுன வண்டியாச்சே."

சுவரோரம் லொம்மிக் இருமினார்.

பத்தரைக்கு அலுவலகத்து அம்மா வந்தாள். பெயர் வாஸர். முப்பது வயது இருக்கும், சேற்று பூட்ஸ், கழுத்தில் கேமரா. அவள் பின்னாலேயே மேயர் ப்ரிஜானின் காரும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூல்வெனின் வேனும் வந்தன. ப்ரிஜானும் காயித்தும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டிராக்டரைப் பார்த்து வழி விடச் சொல்லிக் கத்திய பையன்களில் அவனும் ஒருவன்.

வாஸர் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உத்தரத்தின் மேலே இருந்த செதுக்கல்களைப் படமெடுத்தாள். கோழிகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். காயித்துக்கு நம்பிக்கை வந்தது. அதற்குள் வாஸர் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"உத்தரம் பிற்காலத்துல மாத்துனது. ஜன்னலும் அப்படித்தான். மேடம், நான் வெளிப்படையா சொல்லிடறேன். இந்த மாதிரிக் கோயில் இந்த மாவட்டத்துல நிறைய இருக்கு. நான் வந்ததே அந்தச் சொரூபத்துக்காகத்தான். அது எங்க?"

ப்ரிஜான் தன் காலணியைப் பார்த்தான். கூல்வென் கூரையைப் பார்த்தான். ஃபிஃபின் மட்டும் காயித்தைப் பார்த்தாள், அதுவும் பளிச்சென்று.

"காணாமப் போச்சு," என்றாள் காயித். "எழுபத்தேழுல."

"திருட்டா?"

"அப்படியும் சொல்லலாம்," என்றாள் ஃபிஃபின்.

வாஸர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். நீளமாக எழுதவில்லை. ஒரு வரி. ஆறு வருஷமாகக் கடிதம் எழுதி, படிவம் நிரப்பி, தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக் காத்திருந்ததற்கு ஒரு வரி.

"வந்ததுக்குச் சுவரையாவது பாத்துட்டுப் போறேன்," என்றாள் வாஸர். "உள்ள வடக்குப் பக்கம் ஒரு வளைவுக் கோடு தெரியுதே. அங்க பழைய வாசல் இருந்துச்சா?"

"சாத்தான் வாசல்னு சொல்வாங்க," என்றான் ப்ரிஜான். "எந்தக் காலத்துலயோ உள்பக்கம் அடைச்சது. வெளிப்பக்கம் வெறும் பொந்தா இருந்துச்சு. எழுபத்தேழுல அதையும் அடைச்சிட்டாங்க."

"அப்ப அந்த இடத்துல ரெண்டு கல்ல எடுத்துப் பாப்போம். அசல் காரை எப்படி இருந்துச்சுன்னு தெரியும்."

வெளியே வந்து வடக்குப் பக்கம் திரும்பினார்கள். சாத்தான் வாசல் இருந்த இடத்துக்கு நேர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி.

"பெரியவரே, கொஞ்சம் நகர்றீங்களா?" என்றாள் வாஸர்.

"மாட்டேன்."

"சித்தப்பா!"

"எங்க வேணாலும் தோண்டட்டும். கிழக்கால தோண்டட்டும். மேக்கால தோண்டட்டும். என் முதுகுக்குப் பின்னால மட்டும் வேணாம்."

"ஏன்?"

"முதுகு வலி."

ப்ரிஜான் கடிகாரத்தைப் பார்த்தான். "காயித், உங்க வீட்டு ஆள நீயே பாத்துக்க. எனக்குப் பதினோரு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கு."

"நீ யாருடா? பெரிய ப்ரிஜான் மவன்தானே?" என்றார் லொம்மிக். "உங்கப்பனுக்கு மாட்டுக்கொட்டாய் கட்டிக் குடுத்தவன் நான். அந்தக் கொட்டாய் நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"சிமெண்ட்."

காயித் அப்போதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தாள். சித்தப்பாவின் தோள்களுக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் ஒரே சாம்பல் நிறம். அவர் தலைக்குப் பின்னால் மட்டும் சற்று வெளுப்பு. மூலை மட்டம் வைத்து இழுத்தது போல நேரான விளிம்பு. மற்ற இடங்களில் மூன்று ஞாயிறுக்குள் முடிக்கவேண்டும் என்று அவசர அவசரமாகப் பூசியிருந்தார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் யாரோ நேரம் எடுத்து, அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தார்கள்.

அவள் சித்தப்பாவின் கையைப் பிடித்து எழுப்பி, ஊற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் முனகிக்கொண்டே வந்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"கல்லு."

"சித்தப்பா."

லொம்மிக் ஊற்றின் விளிம்பில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"உங்கப்பனுக்கு. வேற யாருக்கு? லான்வ்ரிஸெக்ல மாதா சொரூபத்த ரம்பம் போட்டு அறுத்துட்டுப் போனானுங்க. பீடத்துல ரெண்டு பாதம் மட்டும் நின்னுச்சு. அதப் பாத்துட்டு வந்தான் பெர். ராத்திரி பூரா தூங்கல. மறுநாள் ரெண்டு பேருமா மெலானெக்கத் தூக்கியாந்து அந்தப் பொந்துல வெச்சு அடைச்சிட்டோம். யாருக்கும் சொல்லல. கெர்மெலான்ல ஒருத்தனுக்குச் சொன்னா பதினொரு வீட்டுக்கும் தெரியும். பதினொரு வீட்டுக்குத் தெரிஞ்சா வேன்காரனுக்கும் தெரியும்."

காயித் தண்ணீருக்குள் பார்த்தாள். ஊற்றில் யாரோ போட்ட நாணயம் ஒன்று கிடந்தது.

"நாப்பத்தாறு வருஷம்," என்றாள். "நாப்பத்தாறு வருஷமா எங்கப்பாவ இந்த ஊரு திருடன்னு சொல்லுச்சு. நீ பக்கத்துல உக்காந்து மது குடிச்சிட்டிருந்த. ஒரு வார்த்தை சொல்லல."

சித்தப்பாவை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"அவன்தான் வேணாம்னான்! நான் சொல்லிடறேன்டான்னு எத்தனையோ தடவ கேட்டேன். விடு லொம்மிக், அவங்க நெனச்சா நெனச்சுக்கட்டும்னான். சாமி வித்துப்போச்சுன்னு ஊரே நம்புனா எவன் தேடி வருவான்? நான் திருடனா இருக்கறவரைக்கும் மெலானெக் பத்திரம்னான். அவனுக்கு அது ஒரு பெருமை. அந்த டிராக்டர சிவப்புல வாங்குனதே அதுக்குத்தான்."

"திருட்டெல்லாம் எப்பவோ நின்னு போச்சு. முப்பது வருஷமா வேன் வரல. அப்பவாவது எடுத்திருக்கலாமே?"

"எடுக்கலாம்னுதான் இருந்தோம்." லொம்மிக் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிமெண்ட்ட ஒடைக்கணுமே. அவ்வளவு நல்லா பூசியிருந்துச்சு."

காயித்துக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. அறைய வேண்டியவர்களில் ஒருவர் கல்லறையில் இருந்தார். இன்னொருவருக்கு எண்பத்து நாலு வயது.

"எழுந்திரு," என்றாள்.

கூல்வென் உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தபோது எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். விஷயத்தை காயித் இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருந்தாள். ப்ரிஜான் தன் பதினோரு மணிக் கூட்டத்தை மறந்துவிட்டான். வாஸரின் கன்னம் சிவந்திருந்தது. "பதினைந்தாம் நூற்றாண்டு," என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். ஃபிஃபின் கேக்கைத் திறந்து தானே ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். சிமெண்ட் எளிதில் விடவில்லை. நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு துண்டு விழும்போதும் லொம்மிக்கின் முகம் சுளித்தது, பல் பிடுங்குவதைப் பார்ப்பவரைப் போல.

மேல்கல் வந்தது. உள்ளிருந்து வந்த வாடையில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அழுகிய இலை, காளான், பழைய தொழுவம்.

"மேல என்ன இது?" என்றான் கூல்வென்.

"உரச் சாக்கு," என்றார் லொம்மிக். "பிளாஸ்டிக். ஈரம் படக்கூடாதுன்னு தலையிலேர்ந்து கணுக்கால்வரைக்கும் போட்டுக் கம்பியால இறுக்கிக் கட்டினோம்."

வாஸர் கண்ணை மூடித் திறந்தாள்.

கூல்வென் சாக்கின் ஓரத்தைக் கத்தியால் மெல்லக் கீறினான். பழுப்பு நிறக் கூழ் வழிந்தது, ஊறவைத்த தவிடு போல. அதற்குள் இரண்டு துருப்பிடித்த ஆணிகள், விரல் நீளத்துக்குத் தாடியின் ஒரு சுருள். வாஸர் அதைத் தொட்டாள். அதுவும் உதிர்ந்தது. சுவருக்குள் நின்ற தண்ணீர் சாக்குக்குள் புகுந்திருக்கிறது, புகுந்தது வெளியே போக வழியில்லை. அறுநூறு வருஷம் புரட்சியையும் போர்களையும் எலியையும் தாண்டி வந்த மனுஷனை இரண்டு அண்ணன் தம்பிகள் பத்திரப்படுத்திக் கொன்றுவிட்டார்கள்.

சாக்கு முழுக்கச் சரிந்ததும் கீழே இரண்டு பாதங்கள் நின்றன.

"லான்வ்ரிஸெக் மாதிரியே," என்றாள் ஃபிஃபின். முதல் தடவையாக அவள் குரலில் கேலி இல்லை.

"அதைவிட மோசம்," என்றாள் காயித். "வேன்காரன் எடுத்திருந்தா இப்ப எந்தப் பணக்காரன் வீட்டுக் கூடத்துலயாவது காஞ்ச எடத்துல நின்னுட்டிருப்பாரு."

லொம்மிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஊன்றுகோல் நழுவிப் புல்லில் விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. காயித்தான் எடுத்தாள்.

"சரி," என்றான் ப்ரிஜான். அவன் கெட்டவனல்ல, அவசரக்காரன். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனி பேச ஒண்ணுமில்ல. முதல் தேதி பூட்டறோம்."

"இருங்க," என்றாள் வாஸர்.

அவள் மண்டியிட்டு, தலையைப் பொந்துக்குள் விட்டிருந்தாள். டார்ச் எரிந்தது. பாதங்களுக்குப் பக்கத்தில், சாக்குக்கு வெளியே, பன்றி நின்றது. அதை யாரும் சுற்றிக் கட்டவில்லை. அது பாட்டுக்குப் பொந்தின் காற்றில் நனைந்தும் காய்ந்தும் பிழைத்திருந்தது. ஓக் மரத்தின் அடிக்கட்டை. முதுகுமயிர் ஒவ்வொன்றும் உளிக்கோடாகத் தெரிந்தது. மடிப்புகளில் பழைய சிவப்பு. இடது காதில் இரண்டு வெட்டு.

"காதுல ரெண்டு வெட்டு," என்றான் ப்ரிஜான் குனிந்து. "இந்தப் பக்கத்துப் பண்ணை அடையாளம். எங்க தாத்தாவும் அப்படித்தான் வெட்டுவாரு."

"அறுநூறு வருஷமா அதே வெட்டா?" வாஸரின் குரல் உயர்ந்தது. "மெலானெக் மாதிரி அபூர்வமான சாமிகூட வேற நாலஞ்சு எடத்துல இருக்கு மேயர். இது மாதிரி ஒரு பன்றிய நான் பாத்ததில்ல. இதை நான் நிச்சயமா பட்டியல்ல சேர்ப்பேன்."

காயித் மூச்சு விட்டாள். ப்ரிஜானும்தான்.

"ரொம்ப நல்லது," என்றான் அவன். "மேயர் அலுவலகத்துல கண்ணாடிப் பெட்டி காலியா இருக்கு. இன்னிக்கே கொண்டுபோயிடலாம். கோயில் பூட்டியிருந்தா இங்க பத்திரமில்ல பாருங்க."

காயித் அவனைப் பார்த்தாள். அப்படியே அப்பாவின் பேச்சு. பத்திரம், பத்திரம். இந்த ஊரில் யார் எதைப் பத்திரப்படுத்தினாலும் அது செத்துப்போகிறது.

கூல்வென் குனிந்து பன்றியைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அசைத்தான். பீடத்தைச் சுற்றி விரலால் தடவிவிட்டு நிமிர்ந்தான்.

"பெரியவரே, இதைக் கீழ எதுல வெச்சீங்க?"

லொம்மிக் தலையைத் தூக்கினார். "எதுலன்னா? சிமெண்ட்லதான்."

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு முழம். நாலு கம்பி விட்டு. அறுத்துட்டுப் போனானுங்கள்ல? நம்ம சாமிய எவனும் அசைக்கக்கூடாதுன்னு கம்பிய வாசக்கல்லுக்குள்ளயே துளை போட்டு எறக்கினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாசக்கல்லுக்கு அடியில சுவரோட அஸ்திவாரம் இருக்கு. அதுலயும் ரெண்டு கம்பி."

"அப்ப இதை எடுக்கணும்னா?"

"சுவர இடிக்கணும்."

வாஸர் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"மேயர், தூக்கிட்டுப் போக முடிஞ்சா அது பொருள். சுண்ணாம்போ ஜிப்சமோ சிமெண்ட்டோ போட்டுக் கட்டடத்தோட நிரந்தரமா பதிச்சிட்டா அது பொருள் இல்ல, கட்டடம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. நான் பன்றியப் பட்டியல்ல போட்டா அது நிக்கற சுவரையும் போட்டாகணும். சுவரப் போட்டா நீங்க அதைப் பூட்டிட்டு விழட்டும்னு விட முடியாது."

"ஒரு பன்றிக்காகவா?"

"ஒரு சிமெண்ட்டுக்காக," என்றார் லொம்மிக். அவர் எழுந்து நின்றுவிட்டார். தொப்பி நேராக ஏறிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன். சொன்னேனா இல்லையா காயித்?"

"வாய மூடிட்டு உக்காருங்க சித்தப்பா."

கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று. கூல்வென் சுவருக்கு ஆறு மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்தான். கதவிலிருந்த நோட்டீஸை ப்ரிஜானே வந்து கிழித்தான், பசை காய்ந்து பாதிதான் வந்தது. சுவரிலிருந்த சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைக்கவேண்டும் என்று கடிதம் சொன்னது. பன்றிக்கு அடியில் இருக்கும் ஒரு முழச் சிமெண்டைத் தவிர. அதை யாரும் தொடக்கூடாது. அந்த வாக்கியத்தை லொம்மிக் மதுக்கடையில் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினார் என்பதை காயித் எண்ண விரும்பவில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு திருவிழா கோயிலிலேயே நடந்தது. சாமியார் பூசை வைத்தார், முட்டுக்கட்டைகளைச் சந்தேகமாகப் பார்த்தபடி. இந்த வருஷமும் தூக்கிப்போகச் சொரூபம் இல்லாததால் கொடிகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஊற்றுவரை போய் வந்தார்கள். பிறகு, ஒவ்வொரு வருஷமும் தலைவி செய்வதுபோல, கோயில் வரலாற்றை ஒலிபெருக்கியில் படிக்க காயித் ஏறி நின்றாள். எதிரே இருநூறு பேர். பன்றிக்கறிப் புகை கண்ணில் அடித்தது. எழுதிய தாள் கையில் இருந்தது. கட்டியவர்கள், புரட்சி, 1936, எல்லாம் படித்தாள். 1977 வந்ததும் தாளை மடித்தாள்.

"எழுபத்தேழுல என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. நானும் ஒரு தடவ சொல்லிடறேன். எங்கப்பா மெலானெக்க விக்கல. மெலானெக்கப் பத்திரமா வெக்கறேன்னு நனைச்சுக் கொன்னுட்டாரு. அவரு திருடன் இல்ல. முட்டாள். ரெண்டும் வேற வேற. இனிமே சரியாச் சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் லொம்மிக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ப்ரிஜான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "சரிதான்," என்றான், அவளுக்குக் கேட்கும்படி.

கடைசி வரிசையிலிருந்து ஃபிஃபினின் குரல் வந்தது.

"அதெல்லாம் சரிடி. அப்ப அந்த டிராக்டரு எங்கேருந்து வந்துச்சு?"

காயித் ஒலிபெருக்கியின் பொத்தானை அணைத்தாள். இறங்கி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, க்ரேப் கல்லுக்குப் பின்னால் போய் நின்றாள். வரிசையில் முதல் ஆளாக ஃபிஃபின் தட்டை நீட்டினாள்.

"வெண்ணெய் கொஞ்சம் கூடப் போடு."